ஃப்ளைட்ல பார்த்தேன்

விமானத்தில் பார்த்த படத்தைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். கொஞ்ச காலமாகவே இந்தத் தொல்லை. கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்று ஒரு படத்தின் பேரைச் சொன்னால் போதும். வெளிநாடு போய்வந்த யாராவது ஒருவர் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைக்காமலே சொல்லிவிடுகிறார்: "அதா? ஃப்ளைட்ல பார்த்தேன். பெரிசா ஒண்ணும் இல்ல சார்." பல வருடம் உழைத்து ஒருத்தர் எடுத்த படம் அங்கேயே காலி.

விடாமல் துருவினால் கதை மெல்ல வெளியே வரும். நடுவில் சாப்பாடு வந்துவிட்டது. ஜன்னலோரத்துக்காரர் பாத்ரூம் போக இரண்டு தடவை எழுந்து வழிவிட வேண்டியிருந்தது. அப்புறம் கொஞ்சம் கண்ணசந்துவிட்டது. முழித்தபோது வேறு யாரோ யாரையோ கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியாக அந்த வாக்கியம்: "சும்மா டைம்பாஸுக்குத்தானே பார்க்கிறோம், விடுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. அந்த நண்பர் நல்லவர், அவரோடு எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் "டைம்பாஸுக்குத்தானே" என்று நாம் அசட்டையாகச் சொல்லும் அந்தச் சொல்லை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. அதன் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். திரையின் அளவைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை. ஃபோனில் படம் பார்ப்பவர்களை டேவிட் லிஞ்ச் திட்டியது பிரசித்தம். அவர் திட்டலாம், அவர் எடுத்த படங்கள் அப்படி. ஆனால் நம்மில் பாதிப் பேர் உலக சினிமாவைக் கற்றுக்கொண்டதே திருட்டு டிவிடியிலும் பதினான்கு அங்குல டிவியிலும்தான். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படம் போடும்போது, பக்கத்து வீட்டுக் கூடத்தில், புள்ளி புள்ளியாகப் பறக்கும் கறுப்பு வெள்ளைத் திரையில் மலையாளப் படமும் வங்காளப் படமும் பார்த்த தலைமுறை நம்முடையது. திரை சின்னதாக இருந்ததால் அந்தப் படங்கள் நமக்குச் சின்னதாகவில்லை. பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தோம், பார்த்தோம். திரையின் அளவு இரண்டாம் பட்சம்.

விமானத்தில் அந்த உட்கார்தலே கிடையாது. அங்கே படம் வந்து சேர்ந்த விதமே வேறு. 1925இல் இம்பீரியல் ஏர்வேஸ் தன் விமானம் ஒன்றில் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' என்ற மௌனப் படத்தைப் போட்டுக் காட்டியது. அது ஒரு விளம்பர வித்தை, அவ்வளவுதான். தொடர்ச்சியாகப் படம் காட்டுவது 1961இல் டி.டபிள்யூ.ஏ. விமானத்தில், நியூயார்க்–லாஸ் ஏஞ்சலஸ் தடத்தில் தொடங்கியது. அதுவும் முதல் வகுப்புக்காரர்களுக்கு மட்டும். கருவியை வடிவமைத்த டேவிட் ஃபிளெக்ஸர் தியேட்டர் நடத்தியவர். முழுப் படத்தையும் ஒரே ராட்சதச் சுருளில் சுற்றி, படுக்கைவாட்டில் ஓடும் 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரைக் கேபினுக்குள் பொருத்தினார். காட்டிய படம் 'பை லவ் பொசஸ்டு'. 1988இல் நார்த்வெஸ்ட் விமானத்தில் இருக்கையின் முதுகிலேயே 2.7 அங்குலத் திரை வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

அன்றிலிருந்து இன்றுவரை நோக்கம் மாறவில்லை. நூற்றுக்கணக்கான பேரை ஒரு குழாய்க்குள் அடைத்துப் பல மணி நேரம் எழுந்திருக்காமல் வைத்திருக்க வேண்டும். சாப்பாடு, மது, தூக்கம், படம் எல்லாம் அந்த ஒரே வேலைக்குத்தான். அழுகிற பிள்ளைக்கு வாயில் வைக்கும் ரப்பர்தான் அங்கே சினிமா. இதில் விமானக் கம்பெனிமேல் எனக்குக் கோபம் இல்லை. கலையை வளர்ப்பது அவர்கள் தொழில் அல்ல. கோபமெல்லாம், அந்த ரப்பரைச் சப்பிவிட்டு வந்து பாலின் ருசி பற்றி நம்மிடம் விளக்கம் சொல்பவர்கள்மேல்தான்.

அங்கே உட்கார்ந்திருக்கும் உடம்பின் கதியைக் கொஞ்சம் யோசியுங்கள். விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் வைக்கப்படுகிறது. ஊட்டியிலோ அதற்குச் சற்று மேலேயோ உட்கார்ந்திருக்கிறோம், ஊட்டியின் ஈரம் மட்டும் இல்லாமல். காற்று பாலைவனம்போல் வறண்டிருக்கிறது. இன்ஜின் இரைச்சல் விடாமல் காதில் அடிக்கிறது. அந்த இரைச்சல் முதலில் விழுங்குவது தாழ்ந்த ஒலிகளை: பின்னணியில் மெதுவாகப் போகும் செல்லோ, தூரத்து இடி, முணுமுணுத்துப் பேசும் வசனம். வெடியும் கூச்சலும் தப்பித்துவிடும். மௌனத்தை நம்பி எடுத்த படம் அங்கே பாதி செத்துவிடுகிறது. அப்புறம் ஊர் வந்து, "படம் ரொம்ப ஸ்லோ சார்" என்று சொல்கிறார்கள். ஸ்லோவாகத்தானே இருக்கும், பாதி காதில் விழவேயில்லையே.

'பதேர் பாஞ்சாலி'யில் துர்கா செத்தது தெரியாமல் ஹரிஹர் ஊர் திரும்புகிறான். மகளுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்து மனைவியிடம் காட்டுகிறான். சர்பஜயா உடைந்து அழுகிறாள். அவள் அழுகுரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் எழும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் முன்னால் இருக்கும் அத்தனை நிமிடங்களும். இப்போது அந்த நொடியில் திரை உறைந்து, "பயணிகள் கவனத்திற்கு, சீட் பெல்ட்டை அணியவும்" என்று மூன்று மொழியில் அறிவிப்பு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலேயே டியூட்டி ஃப்ரீ சென்ட் விளம்பரமும் வரலாம். அறிவிப்பு தேவைதான், உயிர் சமாச்சாரம். அதற்குப் பிறகு நீங்கள் பார்ப்பதை சத்யஜித் ராயின் படம் என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இதெல்லாம் சூழ்நிலை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அடுத்தது அப்படியல்ல. விமானத்தில் நீங்கள் பார்க்கும் படம் பல சமயம் அந்தப் படமே இல்லை.

விமானக் கம்பெனிகள் பெரும்பாலும் படங்களை ஸ்டுடியோவிடம் நேரே போய் வாங்குவதில்லை. நடுவில் விநியோகஸ்தர்களும், படங்களைத் தேர்ந்து தொகுத்துக் கொடுக்கும் நிறுவனங்களும், வெட்டி ஒட்டிக் கொடுக்கும் கூடங்களும் இருக்கின்றன. ஒரே படத்துக்குத் திரையரங்கில் ஓடிய பிரதி ஒன்று, விமானத்துக்கென்று வெட்டிய பிரதி ஒன்று என்று இரண்டு இருக்கும். எதை எடுப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். வெட்டியது யார் என்று உங்களுக்குத் தெரியாது. எதை வெட்டினார்கள் என்றும் தெரியாது. அதிகம் போனால், மூலத்திலிருந்து மாற்றப்பட்டது என்று ஒரு வரி தொடக்கத்தில் வந்து போகும். நீங்கள் அப்போது ஹெட்ஃபோன் வயரின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

'ரெயின் மேன்' பார்த்திருப்பீர்கள். 1988இல் வந்தது. டஸ்டின் ஹாஃப்மன் விமான நிலையத்தில் நின்று, எந்தெந்த விமானம் எப்போது விழுந்தது என்று தேதிவாரியாக ஒப்பித்து, ஏற மாட்டேன் என்று அடம்பிடிப்பார். குவாண்டாஸ் மட்டும்தான் விழுந்ததே இல்லை என்பார். பல விமானக் கம்பெனிகள் அந்தக் காட்சியை வெட்டிவிட்டுப் படத்தைக் காட்டின. குவாண்டாஸ் வெட்டவில்லை, ஏன் வெட்டப் போகிறது! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணனும் தம்பியும் அமெரிக்காவைக் காரில் கடப்பதற்கு அந்த ஒரு காட்சிதான் காரணம். அதை எடுத்துவிட்டால், கோடீஸ்வரக் கனவில் இருக்கும் அவசரக்காரத் தம்பி எதற்காக நாள்கணக்கில் கார் ஓட்டுகிறான்? அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு "திரைக்கதையில லாஜிக் இல்லையே" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்!

2006இல் வந்த 'கேஸினோ ராயல்' படத்தில் ரிச்சர்ட் பிரான்சன் ஒரு கணம் தலைகாட்டுவார். அவர் வர்ஜின் விமானக் கம்பெனியின் முதலாளி. பிரிட்டிஷ் ஏர்வேஸ் காட்டிய பிரதியில் அவர் முகம் இல்லை. வர்ஜின் விமானத்தின் வால் சின்னமும் மறைக்கப்பட்டிருந்தது. போட்டிக் கடைக்காரன் முகம் நம் கடையில் தெரியக் கூடாது. அதே வருடம் வந்த 'தி க்வீன்' படத்துக்கு நடந்தது இன்னும் விசேஷம். கெட்ட வார்த்தைகளையும் தெய்வ நிந்தனையையும் எடுத்துவிடு என்று வெட்டும் கூடத்தில் ஒரு புது ஊழியரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைச் சிரமேற்கொண்டு, 'காட்' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் பீப் போட்டுவிட்டார். மகாராணியைக் கடவுள் காக்கட்டும் என்று சொல்லும் இடத்தில் கடவுளே பீப். அந்தப் பிரதி விமானத்திலும் ஓடியது.

இவற்றையெல்லாம் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்ததை முடியாது. டாட் ஹெய்ன்ஸின் 'கேரல்', இரண்டு பெண்களின் காதல் கதை. 2016இல் டெல்டா விமானங்களில் காட்டிய பிரதியில் அவர்கள் முத்தமிடுவதுகூட இல்லை. காதலை எடுத்துவிட்டால் அது இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து கிறிஸ்துமஸுக்குக் கார் பயணம் போன கதை. வேறு சில அமெரிக்க விமானங்களில் முழுப் படமும் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் எல்டன் ஜானைப் பற்றிய 'ராக்கெட்மேன்', ஒலிவியா வைல்ட் இயக்கிய 'புக்ஸ்மார்ட்' இரண்டுக்கும் அதே விமானங்களில் அதே கதி. ஒருபால் காதல் வந்த இடங்கள் வெட்டுப்பட்டிருந்தன. ஒலிவியா வைல்ட் பொதுவெளியில் கேள்வி கேட்டார். சத்தம் எழுந்தது. வெட்டியது வெளி நிறுவனம் என்று கம்பெனி சொன்னது, காட்சிகளைத் திரும்பச் சேர்ப்பதாகவும் சொன்னது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லும் படத்திலிருந்து அவர் யாரைக் காதலித்தார் என்பதை எடுத்துவிட்டு, மிச்சத்தை அவர் வாழ்க்கை என்று ஆயிரக்கணக்கான பேருக்குக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் எழும்வரை அது யாருக்கும் உறுத்தவில்லை. காரணம், நாம்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டோமே: சும்மா டைம்பாஸுக்குத்தானே.

நம் ஊர் டென்ட் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் ஆபரேட்டர் ஒரு பாட்டை விழுங்கிவிட்டால் மணல் தரையிலிருந்து கூச்சல் கிளம்பும். "டேய் ஆபரேட்டர்!" என்று விசில் பறக்கும். துண்டை உதறிக்கொண்டு நாலு பேர் கேபின் கதவைத் தட்டப் போவார்கள். காசு கொடுத்துத் தரை டிக்கெட் எடுத்தவனுக்குத் தெரியும், படம் முழுசாக வர வேண்டும் என்று. அவனும் பொழுதுபோகத்தான் வந்தான். ஆனால் பொழுதுபோக்கை அவன் அலட்சியமாக நினைக்கவில்லை. ஒரு நாள் கூலியில் ஒரு பங்கு அது. லட்ச ரூபாய் டிக்கெட் எடுத்து, பதினாறு மணி நேரம் அதே திரையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாம், அந்தத் தரை டிக்கெட்காரனின் கால் தூசு பெற மாட்டோம்.

கம்பெனிகளின் தரப்பைச் சொல்லாமல் விடக் கூடாது. பக்கத்து இருக்கையில் குழந்தை இருக்கும், வயதானவர் இருப்பார், பல மதத்துக்காரர்கள் இருப்பார்கள், யாரும் எழுந்து வெளியே போக முடியாது என்கிறார்கள். நியாயம்தான். கூடத்தின் நடுவில் ஒரே திரை தொங்கிய காலத்தில் அது முழு நியாயமாகவே இருந்தது. இப்போது ஆளுக்கொரு திரை. இன்றும் பக்கத்துத் திரை குழந்தையின் கண்ணில் படும் என்றால், அந்தப் படத்தைப் போடாதீர்கள். பட்டியலில் நூற்றுக்கணக்கில் படம் இருக்கிறது, ஒன்று குறைந்தால் குடி முழுகிவிடாது. இல்லை, எச்சரிக்கை போட்டுப் பூட்டு வையுங்கள். படத்தையும் போடுவேன், கழுத்தையும் திருகுவேன், திருகியதைச் சொல்லவும் மாட்டேன் என்பதுதான் அயோக்கியத்தனம். 1998இல் வந்த 'மீட் ஜோ பிளாக்' மூன்று மணி நேரப் படம். அதை விமானத்துக்காகச் சுருக்கியபோது இயக்குநர் மார்ட்டின் பிரெஸ்ட் தன் பேரை எடுத்துக்கொண்டார். ஹாலிவுட்டில் இயக்குநர்கள் படத்தைக் கைகழுவும்போது அந்தக் காலத்தில் போட்டுவந்த ஆலன் ஸ்மித்தி என்ற பொய்ப்பேர்தான் அந்தப் பிரதியில் வந்தது. எடுத்தவரே இது என் படம் இல்லை என்று சொன்ன பொருளை, நாம் அவர் படம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அவரைக் குறை சொல்வோம்.

"அதுக்கு என்ன பண்றது? பதினாறு மணி நேரம் சும்மா உட்கார முடியுமா?" என்று கேட்பீர்கள்.

சென்ற முறை வளைகுடாவில் இறங்கி விமானம் மாறியபோது பக்கத்து இருக்கையில் கோவில்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து உட்கார்ந்தார். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அமெரிக்கா போகிறார். முதல் விமானப் பயணம். "தம்பி, இதுல நம்ம படம் ஏதாச்சும் இருந்தா போட்டு விடுங்களேன்" என்றார். தேடினேன். இந்தியப் படங்கள் என்ற பொட்டலத்துக்குள் தமிழில் மூன்று இருந்தன. மூன்றிலும் ஒருவர் கத்தியோடு நின்றார். ஒன்றைப் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "இது வேண்டாம், வெட்டிக்கிட்டே கெடக்கான். அந்தப் படம் போடுங்க" என்று என் திரையைக் காட்டினார். அதில் ஓடிக்கொண்டிருந்தது வரைபடம். பொம்மை விமானம் ஒன்று மெல்ல நகரும், பின்னால் ஒரு கோடு நீளும்.

சாப்பாட்டு நேரம் போக அதையேதான் பார்த்தார். நடுவில் ஒரு தடவை கேட்டேன், "போரடிக்கலையாம்மா?" என்று.

"இல்லய்யா. எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு தெரியுதுல்ல. எம்மவ இவ்வளவு தூரமா போயிருக்கா."

அந்த அம்மா நேரத்தைப் போக்கவில்லை. மகள் போன தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அந்த விமானத்தில் ஒரு திரையை உண்மையில் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். மற்றவர்களுக்குத் திரை எதையோ பார்க்காமலிருக்க உதவியது.

நம் இலக்கணக்காரர்கள் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நீண்ட விமானப் பயணத்தில் இரண்டுமே இல்லை. கீழே எந்த நாடு என்று தெரியாது. ஜன்னலை மூடி விளக்கை அணைத்து, இது இரவு என்று அவர்கள் சொன்னால் இரவு. மிஞ்சுவது உரிப்பொருள் ஒன்றுதான். அது பாலைக்கு உரியது, பிரிவு. அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர் அப்பாவின் சாவுக்குப் போய்க்கொண்டிருப்பார். ஒருவர் பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்புவார். ஒருவர் விசா முடிந்து கட்டிய வீட்டைக் காலிசெய்துவிட்டு வருவார். விமானத்தில் சாதாரணப் படத்துக்குக்கூட அழுகை வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் விமர்சகர் மார்க் கெர்மோட்கூட அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். உயரத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. விமான நிலைய வாசலில் அடக்கிய அழுகை, இருட்டில் யாரும் பார்க்காதபோது ஒரு சாக்குக் கிடைத்ததும் வெளியே வருகிறது. படம் அந்தச் சாக்கு.

அப்படி மனசு திறந்து கிடக்கும் ஆளுக்குத்தான் பீப் போட்ட பிரதியையும் முத்தத்தை வெட்டிய பிரதியையும் கொடுக்கிறார்கள். வாழ்நாளில் அவ்வளவு தனியாக, அவ்வளவு நேரம், கையில் வேலை இல்லாமல் நம்மில் பலர் வேறெங்கும் உட்கார்வதில்லை. நல்ல படம் ஒன்று உள்ளே புக அதைவிட வாகான நேரம் கிடையாது. அதைப் போய் டைம்பாஸ் என்கிறோம்.

ஆகவே கோரிக்கைகள். கம்பெனிகளுக்கு: வெட்டினால் சொல்லுங்கள். எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று படத்தின் பேருக்குக் கீழேயே போடுங்கள், உணவுப் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று போடுவதுபோல. சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தப் படத்தை வாங்காதீர்கள். தமிழ்ப் படம் மூன்றுதான் வைப்பீர்கள் என்றால், ஒன்றிலாவது கத்தி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி அம்மாக்களும் டிக்கெட் எடுத்துத்தான் வருகிறார்கள்.

பயணிகளுக்கு: நேரம்தான் போக வேண்டும் என்றால் தூங்குங்கள், சீட்டாட்டம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. படம் பார்ப்பதென்றால் ஒன்றைத் தேர்ந்து, சாப்பாடு முடிந்த பிறகு தொடங்கி, முடியும்வரை பாருங்கள். நாலு படத்தில் கால் கால் பார்ப்பது நாலு வீட்டில் எட்டிப்பார்ப்பதற்குச் சமம்.

டீக்கடை நண்பர்களுக்கு: அடுத்த தடவை யாராவது "ஃப்ளைட்ல பார்த்தேன், பெரிசா ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தால், மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எந்தப் பிரதி சார், எவ்வளவு நிமிஷம் ஓடிச்சு?" பதில் தெரியவில்லை என்றால், இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.